வாடகை வீட்டுக் குளம் பச்சையாயிடுச்சு, வியாழக்கிழமை பார்க்க வர்றாங்க

மூட்டைமுடிச்சு (வெள்ளி இரவு)
வணக்கம். வந்து இறங்கி மூணு வாரம்தான் ஆகுது. எடுத்த வீட்டுல பின்பக்கம் நீச்சல் குளம். சாவி வாங்கின அன்னிக்கு நீலமா இருந்துச்சு, இப்ப பச்சைப் பசேல்னு கிடக்கு. இரண்டாவது படிக்கட்டே கண்ணுக்குத் தெரியல. ஷெட்டுல ஒரு டப்பா மாத்திரை இருந்தது, ஆறு எடுத்து மிதவையில போட்டேன். நாலு நாளாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. வியாழக்கிழமை ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வர்றாங்க. குளப் பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல இருக்கு. முன்பணம் போயிடுமோன்னு தூக்கமே வரல. என்ன ஊத்தணும்?

பழையகுடி
குளத்தை விடுங்க தம்பி. குடிபோகும்போது வீட்டு நிலைமைப் பட்டியல்னு ஒண்ணு கையெழுத்து வாங்கியிருப்பாங்க, அதுல குளத்தைப் பத்தி என்ன எழுதியிருக்கு? தேதியோட போட்டோ இருக்கா? இல்லேன்னா இன்னிக்கே எடுங்க. பம்ப், ஃபில்டர் பழுது பொதுவா வீட்டுக்காரர் தலையில, மருந்தும் சுத்தமும் உங்க தலையில. அந்தக் கோடு எங்கே விழுதுன்னு ஒப்பந்தத்துலயே தேடுங்க.

நீலம்போதும்
மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டு, தரையைத் தேய்ச்சுக் கழுவி, புதுசா ரொப்புங்க. ரெண்டு நாள் வேலை, பிரச்சினை முடிஞ்சது.

வால்வுக்காரர்
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. உள்ளே தண்ணி இருக்கிற பாரம்தான் குளத்தை மண்ணுக்குள்ள அமுக்கி வச்சிருக்கு. அடியில நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருந்தா, காலியான ஃபைபர் தொட்டி அப்படியே மேலே எழும்பி வந்துடும். கான்கிரீட்டும் எழும்பும், விரிசல் விடும். வினைல் விரிப்பா இருந்தா சுருங்கிக் கிழியும். முன்பணம் எந்த மூலைக்கு? பாதித் தண்ணி மாத்தலாம், முழுசா இறைக்கிறது வாடகைக்காரர் செய்யற காரியமே இல்ல.

கரண்டுபில்
செம்பு கலந்த பாசிக்கொல்லி ஒரு பாட்டில் ஊத்தினா போதுமே, ஏன் இவ்வளவு?

சோதனைக்குழாய்
போதாது. பாசிக்கொல்லி வராம தடுக்க உதவும், வந்து படிஞ்ச பாசியை அழிக்கிறது குளோரின்தான். செம்பு தண்ணியிலேயே தங்கும். அப்புறம் குளோரினைக் கூட்டும்போது சுவர்ல கறை விழும், வெளிர்நிற முடி பச்சையாகும்.

தம்பி, நீங்க சொல்லாத விஷயங்கள்தான் இங்க முக்கியம். குளத்தோட நீளம், அகலம், ரெண்டு முனையிலும் ஆழம்? ஃபில்டர் மணலா, கார்ட்ரிட்ஜா? அழுத்தமானி எவ்வளவு காட்டுது? உப்பு மெஷின் இருக்கா? அந்த மாத்திரை என்ன மருந்து, டப்பா லேபிள்ல பாருங்க. தண்ணியை அளந்தீங்களா? பிஎச், குளோரின் மட்டுமில்ல, சயனூரிக் அமிலத்தோட அளவும் வேணும். ஸ்டெபிலைசர்னு எழுதியிருக்கும்.

அதுவரைக்கும் ஒண்ணு: மாத்திரை இருக்கிற மிதவையில வேற எந்தக் குளோரின் பொடியையும் போடாதீங்க. டிரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியும் சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

நீலம்போதும்
உப்புக் குளமா இருந்தா குளோரினே தேவையில்லையே.

வால்வுக்காரர்
உப்பு மெஷின் செய்யறதே குளோரின்தான். உப்புத் தண்ணியில மின்சாரம் விட்டு அங்கேயே தயாரிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். பச்சையான குளத்தை மீட்கிற வேகம் அதுக்குக் கிடையாது, வெளியிலிருந்து ஊத்தித்தான் ஆகணும்.

பழையகுடி
குளம் வச்ச வீட்டை ஏன்தான் எடுக்கிறாங்களோ. போட்டோவுல நல்லா இருக்கும். பம்ப் கரண்டு, மருந்துச் செலவு, இலை அள்ளுற வேலை எதுவும் போட்டோவுல வராது.

கரண்டுபில்
அதைச் சொல்லுங்க. முதல் ஆறு மாசம் வங்கிக் கணக்கு, பள்ளிக்கூட அட்மிஷன், லைசென்ஸ்னு அலையறதுக்கே நாள் போதாது. இதுல ஒப்பந்தம் இருபது பக்கம், குளத்தைப் பத்தி ஒரே வரி. எந்த வால்வு எதுக்குன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டினா குறைஞ்சா போயிடுவாங்க?

பழையகுடி
ஏஜென்டைக் கேட்டா வீட்டுக்காரர்ங்கிறாங்க, வீட்டுக்காரரைக் கேட்டா ஏஜென்டுங்கிறாங்க. இதுல பக்கத்து வீட்டுல கொசு வருதுன்னு புகார் வேற.

மூட்டைமுடிச்சு (சனி காலை)
மன்னிக்கணும், பதட்டத்துல எழுதிட்டேன். நீளம் 8 மீட்டர், அகலம் 4. ஒரு முனை 1 மீட்டர், மறுமுனை 2, சீரான சரிவு. கான்கிரீட். மணல் ஃபில்டர், மேல ஆறு நிலை உள்ள லிவர். மானி 22 பிஎஸ்ஐ காட்டுது. பக்கத்துல யாரோ மார்க்கர்ல "சுத்தம் 12"ன்னு எழுதியிருக்காங்க. உப்பு மெஷின் இல்ல. மாத்திரை டிரைகுளோர், ஒண்ணு 200 கிராம். தண்ணியைக் கொண்டுபோய் அளந்தேன்: குளோரின் 0.5, பிஎச் 8, காரத்தன்மை 100, சயனூரிக் 80. பம்ப் தினமும் ரெண்டு மணி நேரம் ஓடுது.

சோதனைக்குழாய்
இப்பதான் விஷயம் வெளிச்சமாச்சு. சராசரி ஆழம் 1.5 மீட்டர், 8 × 4 × 1.5 = 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். இந்த எண்ணை ஷெட் சுவர்ல எழுதி வைங்க, இனி எல்லாக் கணக்கும் இதுலதான்.

உங்க வில்லன் அந்த 80. சயனூரிக் அமிலம் வெயில்ல குளோரின் அழியாம காக்கும். ஆனா கூடிப்போனா குளோரினையே கட்டிப்போடும், கிருமியையும் பாசியையும் தாக்கற வேகம் குறையும். அது ஆவியாகாது, குளோரின் மாதிரி செலவாகவும் செய்யாது. ஒரு 200 கிராம் மாத்திரை உங்க குளத்துல குளோரினை 3.7 பிபிஎம் (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு) கூட்டும், கூடவே 2 பிபிஎம்முக்குச் சற்று மேல சயனூரிக்கை விட்டுட்டுப் போகும். முந்தின குடித்தனக்காரர் மாத்திரையாலேயே குளத்தை ஓட்டியிருக்கார். நீங்க போட்ட ஆறும் அதே திசையில ஒரு தள்ளு.

பாசி இருக்கும்போது குளோரின் அளவு சயனூரிக்கில் சுமார் 40 சதவீதம் இருக்கணும், விடாம இருக்கணும். 80க்கு 32 பிபிஎம். 12.5 சதவீதத் திரவக் குளோரின் ஒரு லிட்டர் உங்க குளத்தை 2.6 பிபிஎம் உயர்த்தும், அப்ப முதல் தடவைக்கே 12 லிட்டர். அந்த உயரத்தைப் பிடிச்சு வைக்கிறதும் கஷ்டம், அளக்கிறதும் கஷ்டம். தண்ணியைக் கொஞ்சம் மாத்துறதுதான் வழி.

வால்வுக்காரர்
அந்த வேலைக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. வெளியேத்துற தண்ணி எங்கே போகலாம்னு உள்ளூர் விதியையும் கேளுங்க, மழைநீர்க் கால்வாயில விடக்கூடாத இடங்கள் நிறைய. மழை ஊறின மண்ணா இருந்தா இதைத் தள்ளிப்போடுங்க.

மட்டத்தை 40 செ.மீ. இறக்குங்க, ரொப்புங்க, பம்ப் ஓட்டிக் கலக்குங்க, இன்னொரு தடவை அதே மாதிரி. முதல் தடவையில 80 சுமார் 59 ஆகும், ரெண்டாவதுல 43. ஒரேயடியா 75 செ.மீ. இறக்கினாலும் பாதியாகும், ஆனா கான்கிரீட் குளத்துல அவ்வளவு இறக்க எனக்கு மனசு வராது.

லிவரை "வேஸ்ட்"ல வச்சு வெளியேத்தலாம். லிவரைத் திருப்பும் முன் பம்பை அணைங்க. ஓடும்போது திருப்பினா உள்ளே இருக்கிற சக்கர கேஸ்கெட் பிய்ஞ்சிடும், அப்புறம் எந்த நிலையில வச்சாலும் வேஸ்ட் குழாயில தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணியை இழுக்கிற சுவர்த் திறப்பு) வாய்க்குக் கீழே போனா பம்ப் காத்தை இழுக்கும். அடித்தள வடிகால் இருந்தா ஸ்கிம்மர் வால்வை மூடி அதுல இழுங்க, இல்லேன்னா தண்ணிக்குள்ள இறக்கற மோட்டாரை வாடகைக்கு எடுங்க.

40 செ.மீ.ன்னா 12,800 லிட்டர். தோட்டக் குழாய் நிமிஷத்துக்கு 15 முதல் 20 லிட்டர் தரும், அப்ப ஒரு தடவை ரொப்ப 11 முதல் 14 மணி நேரம். பத்து லிட்டர் வாளி வச்சு உங்க குழாயை நீங்களே அளந்துக்கங்க. இன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் ஞாயிறு ராத்திரி மருந்து ஊத்த முடியும்.

ரொப்பி முடிச்சதும் ஃபில்டர். 12 இருக்க வேண்டிய இடத்துல 22ன்னா மணல் அடைச்சுக்கிட்டு இருக்கு. சுத்த அளவை விட 8 முதல் 10 ஏறினாலே கழுவணும். பம்பை அணைச்சு, "பேக்வாஷ்", பக்கத்துக் கண்ணாடிக் குமிழ்ல தண்ணி தெளியற வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம். மறுபடி அணைச்சு "ரின்ஸ்" ஒரு நிமிஷம், அப்புறம்தான் "ஃபில்டர்". ரின்ஸை விட்டா கிளறின அழுக்கு நேரா குளத்துக்கே திரும்பும். இனி பம்ப் 24 மணி நேரமும் ஓடட்டும். ரெண்டு மணி நேரம் ஓட்டினதாலதான் கதை இவ்வளவு தூரம் வந்தது.

கரண்டுபில்
24 மணி நேரமா! அந்த பில்லை யார் கட்டறது? ராத்திரி ஃப்ளாக்னு அழுக்கைத் திரட்டற மருந்தைப் போட்டு அழுக்கைக் கீழே இறக்கிட்டா காலையில உறிஞ்சிடலாமே.

சோதனைக்குழாய்
உயிரோட இருக்கிற பாசி முழுசா இறங்காது, இறங்கினதும் திரும்ப முளைக்கும். ஃப்ளாக்கை ஃபில்டர் வழியா ஓட்டினா மணல் கட்டிபிடிக்கும். பாசி செத்து, வெண்சாம்பல் கலங்கல் மட்டும் மிச்சம் இருந்தா அப்ப யோசிக்கலாம்.

வரிசை இப்படி. இலை, குப்பையை வலையால அள்ளுங்க, அடியில ஊறிக் கிடக்கிறதையும். அது குளோரினைத் தின்னும். மிதவையை வெளியே எடுங்க, மூடின அறையில வைக்காம காத்தோட்டமா வைங்க. அடுத்து பிஎச். குளோரின் 10ஐத் தாண்டினா பிஎச் சோதனை பொய் சொல்லும், அதனால முதல்லயே 7.2க்கு இறக்கிடணும். 31 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், முதல்ல ஒரு லிட்டர். வாளித் தண்ணியில அமிலத்தை ஊத்தணும், அமிலத்துல தண்ணியை ஊத்தக்கூடாது. தண்ணி உள்ளே வர்ற துளைக்கு எதிரே, பம்ப் ஓடும்போது. ஒரு மணி நேரம் கழிச்சு அளந்து, தேவைன்னா கால் லிட்டர் கால் லிட்டரா. கண்ணாடி, கையுறை கட்டாயம். அமில வாளியில குளோரினை ஊத்தவே ஊத்தாதீங்க, விஷ வாயு வரும்.

சூரியன் இறங்கினதும் குளோரின். சயனூரிக் 43க்கு இலக்கு 17, அதுக்கு 12.5 சதவீதத் திரவம் ஆறரை லிட்டர். 10 சதவீதம்தான் கிடைச்சா எட்டு லிட்டருக்குச் சற்று மேல. ஊத்தின கையோட சுவர், படி, மூலை எல்லாம் பிரஷ் போடுங்க. பாசி மேல வழுவழுன்னு ஒரு தோல் இருக்கும், அது கிழிஞ்சாத்தான் மருந்து உள்ளே போகும்.

இளஞ்சிவப்பு வர்ற சோதனை அதிகக் குளோரின்ல வெளுத்து, பூஜ்யம்னு காட்டும். பார்த்துட்டு மேல மேல ஊத்திடாதீங்க. குளோரின் இல்லாத தண்ணி மூணு பங்கு, குளத்துத் தண்ணி ஒரு பங்கு கலந்து அளந்து நாலால பெருக்குங்க, அல்லது துளி எண்ணும் கிட் வாங்குங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை அளந்து 17க்கே திரும்பக் கொண்டுவாங்க. முதல் நாள் மூணு மணி நேரத்துல பாதி காணாமப் போகலாம், பயப்படாதீங்க, பாசியோட மல்லுக்கட்டுதுன்னு அர்த்தம்.

மூட்டைமுடிச்சு (செவ்வாய் இரவு)
அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. அனுமதி மெயில் வந்துது, சயனூரிக் 44. திங்கள் காலையில தண்ணி வெண்சாம்பலா ஆச்சு, இன்னிக்கு ஆழமான முனையில வடிகால் மூடி மங்கலா தெரியுது. மூணு தடவை பேக்வாஷ் பண்ணிட்டேன். நேத்து ராத்திரி 17 இருந்தது, விடியற முன்னாடி 14. முடிஞ்சுதா? பிள்ளைங்க இறங்கலாமான்னு கேட்கிறாங்க.

சோதனைக்குழாய்
முடியல. வெயிலே இல்லாத ராத்திரியில 3 போயிருக்குன்னா எங்கேயோ பாசி ஒளிஞ்சிருக்கு. ராத்திரி இழப்பு 1க்குள்ள, கூட்டுக் குளோரின் (அழுக்கோட சேர்ந்து வீரியம் போன குளோரின்) 0.5க்குள்ள, தண்ணி தெளிவு. மூணும் சேர்ந்து வரணும். வடிகால் மூடி தெளிவாத் தெரியாத வரைக்கும் யாரும் இறங்க வேண்டாம், மூழ்கினவங்க கண்ணுல படமாட்டாங்க. வேலிக் கதவும் பூட்டியே இருக்கட்டும்.

ஏஜென்டுக்கு வியாழக்கிழமை தரை தெரியும், கண்ணாடி மாதிரி மின்னாது. அளந்த எண்களைத் தேதியோட எழுதி, அனுமதி மெயிலோட சேர்த்துக் காட்டுங்க.

அப்புறம் தினசரி: குளோரின் 4 முதல் 5, 3க்குக் கீழே இறங்கவே கூடாது. நல்ல வெயில்ல உங்க குளத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் திரவம், சாயங்காலம். பிஎச் 7.2 முதல் 7.6, பம்ப் எட்டு மணி நேரம், வாரம் ஒரு தடவை பிரஷ். மாத்திரை ஊருக்குப் போற வாரத்துக்கு மட்டும். திரவத்தை நிழல்ல, அமிலத்தை விட்டுத் தள்ளி வைங்க. நாளாக ஆக வீரியம் குறையும், மாசத்துக்குத் தேவையானது மட்டும் வாங்குங்க.

வால்வுக்காரர்
ஒளியிற இடம் மூணு. ஏணியோட கால் நுழையற குழி, ஸ்கிம்மர் தொண்டையில ஆடற கதவோட பின்பக்கம், தண்ணிக்குள்ள இருக்கிற விளக்கோட பின்குழி. முதல் ரெண்டையும் பழைய பல்துலக்கி வச்சுத் தேய்ங்க. விளக்குக்கு மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, அதுவும் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு, மேலே இருக்கிற ஒரே ஸ்க்ரூவைக் கழட்டுங்க. ஒயர் உள்ளே சுத்தி வச்சிருக்கும், இழுக்காம குழியை விட்டு வெளியே கொண்டுவரலாம். விளக்கு அப்படியே தண்ணிக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே எடுத்து எரியவிட்டா சூடாகி உடையும். குழியைத் தேய்ச்சதும் பச்சையா ஒரு மேகம் கிளம்பும். அது கிளம்பின ராத்திரி மறுபடி அளந்து குளோரினை ஊத்துங்க.