2040-இல் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் கிடைக்குமா?

குடியாத்தம் ஆசிரியை (ஆகஸ்ட் 2025)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் ஒன்றியத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2007-இல் பணியில் சேர்ந்ததால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது நாம் எல்லோரும் சிபிஎஸ் என்று சொல்கிற திட்டத்தில் இருக்கிறேன். 2040-இல் எனக்கு அறுபது வயது நிறைவடையும்.

ஆண்டுதோறும் சிபிஎஸ் கணக்குத்தாளைப் பதிவிறக்கம் செய்து பார்ப்பது என் வழக்கம். அதில் என் சந்தா, அரசின் பங்கு, வட்டி என்று தொகைகள் ஒழுங்காகவே காட்டப்படுகின்றன. ஆனால் அந்தத் தொகைகளுக்கு ஈடான பணம் எங்கேனும் தனியாக வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது அது வெறும் ஏட்டுக்கணக்குதானா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழும்போதெல்லாம், ஒருவர் "கஜானாவே காலி" என்கிறார், இன்னொருவர் "அரசு எங்கே போய்விடப் போகிறது" என்கிறார். இருவருமே அதற்கு மேல் விளக்கம் தருவதில்லை. எங்கள் தலைமையாசிரியை 2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத்துடன் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஒரே பள்ளியில், ஒரே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் எங்கள் இருவரின் முதுமை இவ்வளவு வேறுபடும் என்பதை நினைக்கும்போது கவலையாக இருக்கிறது.

மருத்துவச் செலவு குறித்தும் இதே அச்சம் உண்டு. என் மாமனார் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வூதியத்தில் காப்பீட்டுக்காக மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். சென்ற ஆண்டு அவருக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தபோது, "கட்டணமில்லாச் சிகிச்சை" என்று அட்டையில் அச்சிட்டிருந்தும் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொன்னார்கள்; பின்னர் காப்பீட்டில் அனுமதிக்கப்பட்ட தொகை மொத்தச் செலவில் பாதியைக்கூட எட்டவில்லை. இன்றே நிலைமை இப்படியென்றால், முதியோர் எண்ணிக்கை பெருகியிருக்கும் 2040-இல் இத்திட்டங்களுக்கு நிதி எங்கிருந்து வரும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காட்பாடி ஓய்வூதியர்

அம்மா, நான் கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருப்பவை உண்மையில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் என்பதால் பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் தலைமையாசிரியைக்கும் எனக்கும் வழங்கப்படும் பழைய ஓய்வூதியத்திற்கென்று தனி நிதி எதுவும் கிடையாது; எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்தந்த ஆண்டு அரசுக்கு வரும் வருவாயிலிருந்தே அது வழங்கப்படுகிறது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மாநிலத்தின் வருவாய் வரவு ஏறத்தாழ 3.31 லட்சம் கோடி ரூபாய் என்றும், ஓய்வூதியம் மற்றும் ஓய்வுக்காலப் பலன்களுக்கான செலவு 41 ஆயிரம் கோடிக்குச் சற்று மேல் என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. வரும் ஒவ்வொரு ரூபாயிலும் பன்னிரண்டு காசுக்கு மேல் எங்களுக்கே போகிறது. சம்பளமும் கடன் வட்டியும் இதில் சேரவில்லை. எனவே "கஜானா காலி" என்பது மிகைப்பேச்சு, ஆனால் அந்த மிகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

உங்கள் சிபிஎஸ் பணத்தின் நிலை வேறு. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்து, அதற்கு இணையான தொகையை அரசும் செலுத்துகிறது. மத்திய அரசும் ஏனைய பல மாநிலங்களும் இப்பணத்தை ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் சந்தையில் முதலீடு செய்தபோது, தமிழ்நாடு அதில் சேராமல் அரசின் பொதுக் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. அதன் ஒரு பகுதி எல்ஐசியிலும், கருவூல உண்டியல்கள் எனப்படும் அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்படுகிறது. உங்களுக்கு அரசு ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதிக்கு இணையாக 7.1 சதவீத வட்டி வரவு வைக்கப்படுகிறது. முதலீட்டில் ஈட்டுவது அதைவிடக் குறைந்தால் குறையும் தொகையை அரசே ஈடுகட்ட வேண்டும். ஆகவே பணம் காணாமல் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பங்குச் சந்தை சரிந்தாலும் உங்கள் கணக்கு சரியாது. அது அரசு உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன்.

கவலைப்பட வேண்டியது அது போதுமா என்பதைப் பற்றித்தான். ஓய்வு பெறும் நாளில் உங்கள் கணக்கில் 30 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மாத ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. அதை 7.1 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 17,750 ரூபாய் வரும், விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அத்தொகை ஏறாது. கடைசி அடிப்படை ஊதியம் 80,000 ரூபாயாக இருக்கும் ஒருவர் பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றால் 40,000 ரூபாயும், 2025 தொடக்கக் கணக்கில் அதன்மேல் 55 சதவீத அகவிலைப்படியும் சேர்த்து 62,000 ரூபாய் பெறுவார். ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயரும். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியமும் உண்டு.

இனி நிதிச் சுமையைப் பாருங்கள். 2003 மார்ச்சில் இருபத்திரண்டு வயதில் பணியில் சேர்ந்தவர் 2041-இல்தான் ஓய்வு பெறுவார். அதுவரை பழைய ஓய்வூதியர்களின் பட்டியலில் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். அதே காலத்தில் உங்களைப் போன்றவர்களுக்கான 10 சதவீதத்தையும் அரசு செலுத்த வேண்டும். நீங்கள் ஓய்வு பெறும் ஆண்டு இந்த இரட்டைச் சுமையின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. பணம் இறுகும்போது எந்த அரசும் ஓய்வூதியத்தையே நிறுத்திவிடாது, ஓரங்களில் கத்தரிக்கும். கொரோனா காலத்தில் அகவிலைப்படியை முடக்கினார்கள், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவதை நிறுத்தினார்கள், ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தினார்கள். கடைசி நடவடிக்கையைப் பலர் சலுகை என்று கொண்டாடினார்கள். கருவூலத்தில் இருந்த எங்களுக்கு, பணிக்கொடைச் செலவு தள்ளிப்போடப்பட்டது என்று தெரியும்.

பழைய திட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்குறுதி அளித்தது. 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டு, பழைய திட்டம், சிபிஎஸ், மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஆகிய மூன்றையும் ஆராயும் பணி அதற்குத் தரப்பட்டது. மத்தியத் திட்டத்தில் 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. அதற்காக அரசின் பங்கை 18.5 சதவீதமாக உயர்த்தியிருக்கிறார்கள். பழைய திட்டத்திற்கே எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை, சந்தையில் முதலீடு செய்யும் புதிய திட்டத்தைப் போல நான்கரை மடங்கு வரை போகலாம் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி ஆய்வு ஒன்று எச்சரித்தது. சங்கத் தலைவர்கள் அந்த ஆய்வை ஏற்பதில்லை. ஊழியர் தன் பங்காக 10 சதவீதத்தைத் தொடர்ந்து செலுத்தி, அரசு பாதி ஊதியத்தை உறுதிசெய்யும் இடைவழிதான் நடைமுறைக்கு வரும் என்பது என் கணிப்பு. அதைச் சங்கத்தில் சொன்னதற்காக நான் வாங்கிய ஏச்சு இங்கே தேவையில்லை.

மேல்விஷாரம் தோல் தொழிலாளி

அரசு ஊழியர் அல்லாத ஒருவன் இவ்விழையில் எழுதுவது பொருத்தமா என்று தெரியவில்லை; இருந்தாலும் எழுதுகிறேன். காட்பாடி ஐயா சொன்ன பன்னிரண்டு காசில் எங்கள் பங்கும் இருக்கிறது, நாங்கள் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் வரி செலுத்துகிறோம்.

எங்களுக்கு இருப்பது பிஎஃப் ஓய்வூதியம். முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. ஆனால் சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் 15,000 ரூபாய்க்கு மட்டுமே கணக்கு. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது, இன்றுவரை அதே ஆயிரம்தான். எங்கள் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் இருபத்தைந்து ஆண்டு நின்று, விரல் நகங்கள் வெந்துபோன ஒருவர் இன்று மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்குகிறார். எதுவும் இல்லாத முதியவருக்கு அரசு தரும் உதவித்தொகையே 1,200 ரூபாய்.

அரசு ஊழியருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் முதுமையில் தவிக்க வேண்டும் என்று யார் விரும்புவார்கள்? ஆனால் நிதி போதுமா என்ற விவாதம் எப்போதும் ஊழியருக்கும் அரசுக்கும் இடையில் மட்டுமே நடக்கிறது. மருத்துவத்தில் எங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: ஐந்து ஆண்டுகளாவது இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சிகிச்சை தொடரும். இது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது.

குடியாத்தம் ஆசிரியை

காட்பாடி ஐயாவுக்கு மிக்க நன்றி. 30 லட்சம் கணக்கை இன்று ஆசிரியர் அறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மேல்விஷாரம் அண்ணன் சொன்னதையும் ஏற்கிறேன். ஒரு சந்தேகம்: தனி நிதியம் ஒன்றை உருவாக்கி அதில் பணத்தைச் சேர்த்துவிட்டால், ஆட்சிகள் மாறினாலும் பாதுகாப்பு இருக்கும் அல்லவா?

வேலூர் முன்னாள் நடத்துநர்

அம்மா, அந்த நம்பிக்கையோடுதான் நாங்களும் இருந்தோம். அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கென்று 1998-இல் ஓய்வூதிய நிதியத்திற்கான அறக்கட்டளை அமைத்தார்கள். பெயரளவில் தனி நிதியம்தான். கழகங்கள் நட்டத்தில் ஓடியதால் வர வேண்டிய பணம் அதில் வரவில்லை. எங்கள் சம்பளத்தில் பிடித்த பணமே உரிய இடத்திற்குப் போய்ச் சேராமல் டீசல் செலவுக்குப் போனதாக டெப்போவில் பேசிக்கொள்வார்கள். 2015 நவம்பர் முதல் எங்கள் அகவிலைப்படி உயர்வு நின்றது. கருவூலத்தில் ஓய்வூதியம் பெறும் என் அண்ணனுக்கு ஆண்டுக்கு இருமுறை உயர்ந்துகொண்டிருந்தபோது, எனக்கு ஆண்டுக்கணக்கில் அதே தொகைதான் வங்கிக்கு வந்தது. நீதிமன்றத்திற்கு நடந்தோம், மறியல் செய்து கைதானோம். ஓய்வு பெற்ற அன்றே கைக்கு வர வேண்டிய பணப்பலன்களுக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர்.

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஆம் தேதி ஓய்வூதியர் நாள் என்று மாலை போட்டுக் கூட்டம் நடத்துகிறோம். அந்த உரிமைக்குப் பொறுப்பாளி யார் என்று அரசாணையில் எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். "அரசு வழங்கும்" என்று இருந்தால் பரவாயில்லை. "நிதியத்திலிருந்து வழங்கப்படும்" என்று மட்டும் இருந்தால், நிதியம் வறண்டால் யார் கொடுப்பார் என்று அன்றே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

காட்பாடி ஓய்வூதியர்

நடத்துநர் ஐயா சொல்வது மிகச் சரி. நிதியம் வேண்டும், அதன் பற்றாக்குறைக்கு அரசின் உறுதிமொழியும் வேண்டும். மேல்விஷாரம் தம்பிக்கு: உங்கள் 1,000 ரூபாய் மத்திய அரசின் கையில் இருக்கிறது என்றாலும், எங்கள் சங்கக் கூட்டங்களில் அதற்கென ஒரு தீர்மானம்கூட நிறைவேறியதில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

சத்துவாச்சாரி

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். இத்தகைய கோப்புகளைக் கையாளும் அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்தேன்.

ஓய்வூதியர்களுக்கான திட்டத்தில் மாதப் பிடித்தம் 2018-இல் 350 ரூபாயாக இருந்தது. 2022 ஜூலையில் தொடங்கிய இப்போதைய திட்டத்தில் 497 ரூபாய். நான்கு ஆண்டுக் காலத்திற்கு 5 லட்சம் ரூபாய், குறிப்பிட்ட சில பெரும் நோய்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுமதி. இதில் சேர்பவர்கள் எல்லோருமே வயதானவர்கள். இளைஞர்களும் கலந்திருந்தால்தான் காப்பீட்டில் பிரீமியம் அடங்கி நிற்கும். ஓய்வூதியர்களை மட்டும் தனித் தொகுப்பாக வைத்தால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அது ஏறத்தான் செய்யும். பணியில் உள்ளவர்கள் 300 ரூபாய் செலுத்தும் திட்டத்தையும் இதையும் ஒன்றாக இணைத்தால் சுமை பரவும் என்பது என் கருத்து. பணியில் உள்ளவர்கள் சற்றுக் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்பதால் சங்கங்கள் இதைப் பேசத் தயங்குகின்றன.

டீச்சர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிரீமியம் ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. சிபிஎஸ்ஸில் ஓய்வு பெறுபவருக்கு மாத ஓய்வூதியமே இல்லை என்பதால் அவர் இத்திட்டத்திற்கு வெளியே நிற்கிறார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு கிடைக்கும், வட்டி வருமானமே அதைத் தாண்டிவிடும். எனவே இந்நிலை மாறும் வரை காத்திராமல், ஐம்பது வயதுக்குள் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஓய்வுக்குப் பின் சர்க்கரையோடும் ரத்த அழுத்தத்தோடும் போய் நின்றால் பிரீமியமும் கூடும், நிராகரிக்கவும் செய்வார்கள்.

உங்கள் மாமனாரின் விடுபட்ட தொகைக்கு இன்னும் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலான அதிகாரமளிக்கப்பட்ட குழு ஒன்று இத்தகைய கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறது. விண்ணப்பத்தை அவர் ஓய்வூதியம் பெறும் கருவூலத்தின் வழியாக அனுப்ப வேண்டும். தேதிவாரியாகப் பிரித்த ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு அனுமதித்தது என்பதற்கான கடிதம் ஆகிய மூன்றும் அசலாக இருக்க வேண்டும். மூன்றாவதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டால் "கணினியில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அச்சிட்டு முத்திரை போட்டுக் கொடுக்கும் வரை நகராதீர்கள், என் மேசைக்கு வந்து திரும்பிப்போன கோப்புகளில் பெரும்பாலானவற்றில் இல்லாதது அந்த ஒரு தாள்தான். இப்போதைய ஒப்பந்தம் 2026 ஜூன் 30-இல் முடிகிறது. சிபிஎஸ்ஸில் ஓய்வு பெற்றவர்களையும் புதிய ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்பதானால், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே உங்கள் சங்கம் நிதித் துறைக்கு எழுத வேண்டும்.