மறு: பழைய பிஸ்டலின் பாகங்களை ‘மேம்படுத்துவதா’, ‘புதுக்குவதா’?

எல்லாருக்கும் வணக்கம். பழைய துப்பாக்கியின் பாகங்களை மாற்றுவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது, ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் போடாமல் ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

> ‘அப்கிரேடு’ என்றால் மேம்படுத்தல். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ஐயா, மென்பொருளுக்கு அது சரி. பழைய துப்பாக்கிக்கு ஒத்துவராது என்றுதான் நினைக்கிறேன். டெக்சஸில் என் மச்சான் பெரெட்டா நிறுவனத்தின் 92எஃப்எஸ் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். காவல்துறை பயன்படுத்திவிட்டுக் கழித்துக்கட்டிய வகை, ஸ்லைடின் (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பக்கவாட்டில் மேரிலாந்து மாநிலத்து அக்கோகீக் ஆலையின் பெயர் பொறித்தது. எதை மாற்றலாம், எதை விடலாம் என்று கேட்டார். தமிழில் எழுதி அனுப்ப உட்கார்ந்தபோதுதான் மூன்று வேறு வேலைகளுக்கு என்னிடம் ஒரே சொல் இருப்பது தெரிந்தது. இது மொழியோடு நிற்கிற சிக்கல் இல்லை. எல்லாவற்றையும் ‘மேம்படுத்தல்’ என்று சொன்னால், வாங்கியவர் முதலில் விசையையும் (ட்ரிகர்) பிடியையும் மாற்றுகிறார், நைந்துபோன ஸ்பிரிங் உள்ளேயே கிடக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

முதல் வேலை, தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே மாதிரிப் புதியதைப் போடுவது. சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐயாயிரம் தோட்டாவுக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுவது பரவலான வழக்கம், ஆனால் கைமாறி வந்த துப்பாக்கியில் எத்தனை சுட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? காவல்துறைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உறையில் தொங்கியே காலம் கழித்தவை, வெளிப்பூச்சு உரிந்து பார்க்கவே பாவமாக இருக்கும், உள்ளே குழல் கண்ணாடி மாதிரி இருக்கும். வெளித்தோற்றத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பழைய ஸ்பிரிங்கை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குட்டையாகிப் போயிருந்தால் அப்போதே தெரியும். அது தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் வந்து சட்டகத்தில் மோதும் வேகம் கூடுகிறது, அந்த அடியை மற்ற பாகங்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. சில டாலர் பொருள். யோசிக்காமல் மாற்ற வேண்டியது. விசையைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் சின்ன ஸ்பிரிங்கும் அப்படித்தான், இந்த மாதிரியில் அது ஒடிவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒடிந்தால் விசை பின்னாலேயே தொங்கும்.

இந்த வேலைக்கு நான் முன்வைக்கும் சொல் புதுக்குதல். அக்கா இதைப் ‘பண்டிதத் தமிழ்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயிலைப் பழுதுபார்த்துப் பராமரிக்க விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘புதுக்குப்புறம்’ என்கின்றன. இருந்ததை இருந்தபடியே மீட்டு வைப்பதுதான் அங்கேயும் பொருள், புதிதாக ஒரு மண்டபத்தைச் சேர்ப்பது இல்லை. அந்தப் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது, சொல்லும் சின்னது.

இரண்டாவது வேலைதான் விவாதத்துக்கு உரியது. தயாரித்த நிறுவனமே ஒரு பாகத்தின் வடிவத்தைப் பிற்பாடு மாற்றியிருக்கும், நம்மிடம் இருப்பது பழைய வடிவம். 92 வரிசையில் குழலுக்கு அடியில் ஒரு பூட்டுக்கட்டை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் துப்பாக்கியான வால்தர் பி38-இலிருந்து வந்த ஏற்பாடு அது. சுட்டதும் குழலும் ஸ்லைடும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும், அப்புறம் கட்டை கீழே இறங்கும், அதன் இரண்டு பக்கக் காதுகளும் ஸ்லைடின் பள்ளங்களிலிருந்து விடுபடும், குழல் நின்றுவிட ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போகும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடி வாங்குவது அந்தக் காதுகள்தான். பழைய கட்டைகளில் காது உடலோடு சேரும் மூலை கூர்மையாக இருந்தது, விரிசல் அங்கேதான் தொடங்கும். பின்னால் வந்த கட்டையில் அந்த மூலையை வளைத்துவிட்டார்கள். மச்சானிடம் சொன்னது இதுதான்: தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்துவிட்டுக் குழலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு கழற்றிக் கட்டையைத் தனியே எடுங்கள், எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் காதின் அடியில் நகத்தால் இழுங்கள். மயிரிழை போல ஒரு கோடு நகத்தில் தட்டினால் அந்தக் கட்டை முடிந்தது, அதை வைத்து இன்னொரு தோட்டா சுடக் கூடாது. கோடு இல்லாவிட்டாலும் பழைய வடிவக் கட்டை என்றால், அடிக்கடி சுடப் போகிறவர் மாற்றிவிடுவதே நல்லது.

இதற்கு இற்றைப்படுத்தல். ‘அப்டேட்’டுக்கு விக்கிப்பீடியாவில் நாம் எல்லாரும் எழுதிப் பழகிய சொல்தான். இற்றை என்றால் இன்றைய, நிறுவனத்தின் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவருதல். 2011-இல் நான்காம் தலைமுறை குளோக் துப்பாக்கிகளுக்கு அந்த நிறுவனமே ரீகாயில் ஸ்பிரிங் தொகுதியை மாற்றிக் கொடுத்ததே, அது அசல் இற்றைப்படுத்தல்.

> நிறுவனம் மாற்றினால் அது முன்னேற்றம்தானே? அப்புறம் ‘மேம்படுத்தல்’ என்பதில் என்ன தவறு?

தம்பி, இதே துப்பாக்கியில் பதில் இருக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங் ஏறியிருக்கும் கம்பி பழைய 92எஃப்எஸ்ஸில் எஃகு, பிற்காலத்தில் நிறுவனம் அதைப் பிளாஸ்டிக் ஆக்கியது. பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், துருப்பிடிக்காது, வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புதுத் துப்பாக்கி வாங்குகிற பலர் அதைக் கழற்றிவிட்டு எஃகுக் கம்பி தேடிப் போடுகிறார்கள். அப்படியானால் எது மேம்பாடு? இற்றை என்ற சொல் காலத்தை மட்டும் சொல்கிறது, தரத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டால், ‘புதியதெல்லாம் நல்லது’ என்று நாமே வாசகருக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். மச்சானின் துப்பாக்கியில் எஃகுக் கம்பி இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று எழுதினேன்.

இற்றைப்படுத்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு, சொல்லின் விளக்கத்தில் இதைச் சேர்க்கவே வேண்டும். 92எஃப்எஸ்ஸுக்கு முந்தைய 92எஃப் துப்பாக்கி எம்9 என்ற பெயரில் 1985-இல் அமெரிக்கப் படைக்குத் தேர்வானது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் சில ஸ்லைடுகள் பிளந்து பின்பாதி சுடுபவரின் முகத்துக்கே வந்து காயப்படுத்தின. அதற்குப் பிறகு சுத்தியலைத் (விசையை இழுத்ததும் அடிக்கும் பாகம்) தாங்கும் குறுக்காணியின் தலையைப் பெரிதாக்கி, அது ஓடுவதற்கு ஸ்லைடின் அடியில் ஒரு பள்ளமும் வெட்டினார்கள், ஸ்லைடு பிளந்தாலும் பின்பாதி அந்தத் தலையில் மாட்டி நின்றுவிடும். அதுதான் 92எஃப்எஸ். இப்போது கையில் 92எஃப் வைத்திருப்பவர் பெரிய தலை ஆணியை மட்டும் வாங்கிப் போட்டுவிட முடியாது, அவர் ஸ்லைடில் அந்தப் பள்ளமே இல்லை. ஆக, ஒரு பாகத்தை மாற்றினாலே இற்றையாகிவிடும் என்று நினைக்க வைக்காதபடி விளக்கம் எழுத வேண்டும்.

மூன்றாவது, உரிமையாளரின் வசதிக்காகச் செய்வது. சுத்தியல் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதே வரிசையைச் சேர்ந்த 92டி மாதிரியின் ஸ்பிரிங்கைப் போடுவது இந்த வட்டத்தில் ரொம்பப் பிரபலம். சுத்தியலை ஏற்றாமல் முதல் தோட்டாவுக்கு விசையை இழுக்கும்போது இருக்கும் கனம் அதில் நன்றாகவே குறையும், செலவும் சொற்பம். அதையும் விட இளகிய ஸ்பிரிங்குகளுக்குப் போனால் தோட்டாவைத் தட்டும் ஊசியின் அடி பலவீனமாகி, கெட்டியான பிரைமர் (தட்டியதும் தீப்பற்றும் அடிப்பகுதி) உள்ள தோட்டா வெடிக்காமல் போகலாம். வார இறுதியில் இலக்குப் பயிற்சிக்கு மட்டும் என்றால் அவரவர் இஷ்டம், வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல். இதற்கு விருப்ப மாற்று என்று வைக்கலாம். ‘மேம்படுத்தல்’ இங்கேயாவது வரட்டுமே என்று கேட்டிருந்தீர்கள். விற்கிறவர் தாராளமாக அப்படி எழுதட்டும், கலைச்சொல் பட்டியலில் வேண்டாம் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்து அண்ணா ‘கைத்துவக்கு’ வேண்டும் என்றது எனக்கும் பிடித்திருக்கிறது. ‘கைத்துப்பாக்கி’க்கு இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம், அதற்குத் தனி இழை தேவையில்லை.

‘உறுப்பா, பாகமா’ என்ற கேள்விக்கு என் ஓட்டு பாகத்துக்கு. பட்டறையில் யாரும் உறுப்பு என்று சொல்வதில்லை. எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் பையில் போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அப்படி எடுத்து வைப்பதற்கு ‘அசல் பாகம்’ என்றே எழுதலாம். பின்னால் விற்கும்போது சேகரிப்பாளர்கள் கேட்பது அதைத்தான்.

இந்த மூன்று சொல்லையும் பட்டியலில் ஏற்றலாமா? தடை இருந்தால் வெறும் மாற்றுச்சொல்லோடு நிற்காமல், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவரிடம் சொல்வது போல ஒரு முழு வாக்கியத்தில் அதை வைத்து எழுதி அனுப்புங்கள். ‘புதுக்குதல்’ தொழிற்பெயராக மட்டும் நிற்குமா, ‘ஸ்பிரிங்கைப் புதுக்கிட்டேன்’ என்று வாயில் வருமா என்பதை முக்கியமாகச் சொல்லுங்கள்.