உப்பு மண்ணில் ஸ்ட்ராபெர்ரி: மாத்திரை கரைத்துத் தெளித்தால் போதுமா?

ஓசூர் பாலிஹவுஸ்:
"மண்ணில் உப்பு இருந்தால் பயம் வேண்டாம். ஆஸ்பிரின் ஒன்றைக் கரைத்து ஸ்ட்ராபெர்ரிக்குத் தெளியுங்கள், ஹார்மோன் பார்த்துக்கொள்ளும்" என்று கோவை மாடி அக்கா நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. செடியில் இருக்கும் ஹார்மோன் சாலிசிலிக் அமிலம். மாத்திரையில் இருப்பது அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். இரண்டும் ஒன்றல்ல. இதை நம்பிப் பத்துப் பேர் செடியைக் கருக்கப் போகிறார்கள்.

கோவை மாடி:
தண்ணீரில் கரைத்து வைத்தால் அசிட்டைல் மெல்லப் பிரிந்து சாலிசிலிக்தான் மிஞ்சும். பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசம் வருமே, அது இதனால்தான். என் போர் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 900 காட்டுகிறது. 12 பைகளில் 6க்குத் தெளித்தேன், 6ஐ அப்படியே விட்டேன். விட்ட செடிகளில்தான் இலை ஓரம் கருகியது. கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

ஓசூர் பாலிஹவுஸ்:
ஆறு பையை வைத்து ஊருக்கே மருந்து சொல்வதா? துருக்கியில் ஸ்ட்ராபெர்ரிக்கு உப்புத் தண்ணீர் விட்டு, சாலிசிலிக் தெளித்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. அதிலேயே உச்ச அளவு 1 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 138 மில்லிகிராம். உங்கள் 325 மில்லிகிராம் மாத்திரையை ஒரு லிட்டரில் போட்டால் 1.8 மில்லிமோலார் வரும். அப்புறம், அது சாலிசிலிக்கே இல்லை.

கோவை மாடி:
ஒரு லிட்டர் என்று நான் எங்கே எழுதினேன்? இரண்டு லிட்டர். துருக்கியில் பலன் கிடைத்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஓசூர் பாலிஹவுஸ்:
கிடைத்தது. சாலிசிலிக்குக் கிடைத்தது. மாத்திரைக்கு இல்லை.

புது உறுப்பினர்:
உப்பு மண் என்று எந்த அளவைச் சொல்கிறீர்கள்? என் மண்ணும் அப்படியா என்று எப்படிப் பார்ப்பது?

நாட்டுமாடு:
ஹார்மோன், அமிலம் எல்லாம் விஷம். பஞ்சகவ்யம் ஊற்றுங்கள், மண் தானே திருந்தும்.

ஓசூர் பாலிஹவுஸ்:
கோமியத்தில் உப்பு இல்லையா தம்பி? ஏற்கெனவே உப்பேறிய பையில் அதையும் ஊற்றச் சொல்கிறீர்களே!

நாட்டுமாடு:
நாட்டு மாட்டைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை. போன மாதமும் இதே ஆள்தான்.

வாட்சன்வில் வாசி:
புது உறுப்பினருக்கு: மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறன்தான் உப்பின் அளவைக் காட்டும். அது மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே ஸ்ட்ராபெர்ரி விளைச்சல் சரியும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும். கலிபோர்னியாவில் நான் இருக்கும் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிவிட்டது. சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து ஸ்ட்ராபெர்ரி வயல்களுக்குக் கொடுக்கிறார்கள். ஹார்மோன் செடிக்குத் தாங்கும் சக்தி தரலாம், மண்ணிலிருக்கும் உப்பை ஒரு துளிகூட எடுக்காது. நல்ல தண்ணீர் விட்டு அலசினால்தான் உப்பு இறங்கும்.

கோவை மாடி:
நல்ல தண்ணீர் இருந்தால் நான் ஏன் மாத்திரையைத் தேடப் போகிறேன்? அமெரிக்காவில் குழாயில் வரும், எங்கள் மாடிக்கு வராது.

ஓசூர் பாலிஹவுஸ்:
வாட்சன்வில் சார் சொல்வதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கோவை மாடி:
நீங்கள் அலசுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள். மாத்திரை, மாத்திரை என்றுதான் இருக்கிறது. போன வருடம் உங்களிடம் வாங்கிய 40 நாற்றில் 31 செத்தது. அப்போதும் என் தண்ணீர்மேல்தான் பழி போட்டீர்கள்.

ஓசூர் பாலிஹவுஸ்:
உங்கள் தண்ணீர்தான் காரணம்! 900 என்று நீங்களே இப்போது எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக ஸ்ட்ராபெர்ரி போடுகிறேன், என் நாற்றைக் குறை சொன்ன ஒரே ஆள் நீங்கள். மாத்திரை வேறு, சாலிசிலிக் வேறு. எத்தனை முறை கேட்டாலும் இதுதான் பதில்.

கோவை மாடி:
நாளைக் காலையில் மீதி 6 பைகளுக்கும் தெளிக்கிறேன். இரண்டு லிட்டருக்கு ஒன்று. படம் போடுகிறேன்.