டிரம்மர்களோடு நேர்ந்தவை: டபுள் பெடலும் உப்புக்காற்றும்

மண்டபத்துக்காரன்:

நாலு வருஷமாக மனதில் கிடக்கிறது, இங்கேயாவது இறக்கி வைக்கிறேன். டபுள் பெடல் என்பது, தரையில் நிற்கிற பெரிய பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் மாறி மாறி அடிப்பதற்கான ஜோடி மிதி.

சென்னையிலிருந்து ஒரு மெட்டல் ராக் இசைக்குழு வீடியோ எடுக்கத் தனுஷ்கோடி வந்திருந்தது. மணலில் பலகை போட்டு டிரம் செட்டை வைத்திருக்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதம். மதியத்துக்குள் மூட்டுக்கு மூட்டு மணல் ஏறி, இடது பெடலை வலது பெடலோடு இணைக்கிற ராடில் ஒரு போல்ட் முறிந்துவிட்டது. யாரோ வழி சொல்ல, டிரம்மர் தம்பி பெடலைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார்.

அப்பா வல்லங்களுக்கு டீசல் என்ஜின் பார்க்கிறவர். இந்தச் சாமானை அன்றுதான் முதல் முறை பார்க்கிறார். இரண்டு முனையிலும் இருந்த யுனிவர்சல் ஜாயிண்டை விரலால் அசைத்துவிட்டு, "லாரிக்கு அடியில ஓடுற ஷாஃப்டுதானே இது, சின்னதா இருக்கு" என்றார். அரை மணியில் வேலை முடிந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. காலி டீசல் கேனைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அதன் முன்னால் பெடலை வைத்தோம். தம்பி போனில் தாளம் தட்டுகிற கிளிக்கை நிமிஷத்துக்கு 200 என்று வைத்து, ஒரு கிளிக்குக்கு நாலு அடியாக இரண்டு காலிலும் அடிக்க ஆரம்பித்தார். நிமிஷத்துக்கு 800 அடி. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் 1600 சுற்றில் ஓடினாலும் நிமிஷத்துக்கு 800 முறைதான் வெடிக்கும். அப்பா நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற வேகம் அது.

அப்பா கண்ணை மூடி, கேன் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஜாயிண்டுல பிளே இருக்கு" என்று அந்தத் தளர்வை இறுக்கினார். மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடி கை வைத்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, மெஷின்ல ஒண்ணுமில்ல. உங்க இடது கால்தான் பிந்துது. நாலுக்கு ஒரு தடவை மிஸ் ஆகுது."

அந்தக் கால் அப்படியே நின்றது. தம்பி கொஞ்ச நேரம் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க சாரும் இதையேதான் சொன்னாரு" என்றார். காசு கொடுத்தார், துண்டில் சுற்றினார், போய்விட்டார். அன்று சாயந்திரம் வாசிக்கப் போகிறவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பேரைக்கூடக் கேட்கவில்லை.

கீழக்கரை நிலா:

என் கதையில் வருகிற டிரம்மரை எனக்குத் தெரியாது, அவர் சிம்பலைத்தான், டிரம் செட்டில் இருக்கிற உலோகத் தட்டைத்தான், தெரியும். காயலான் கடையில் ஒரு மூட்டையிலிருந்து எடுத்துத் தராசுப் பக்கம் வைத்திருந்தார்கள். 20 அங்குல ரைடு, தொடர்ந்து தாளம் தட்டுகிற பெரிய சிம்பல். பெங்களூரில் வாசித்துக்கொண்டிருந்த பையனுடையதாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று போட்டுவிட்டார்கள். ஓரம் முழுக்கப் பச்சைக் களிம்பு. நான் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். அந்த ஓசை அடங்கும்வரை கடைக்காரரும் பேசவில்லை.

விலை பேசிவிட்டு ஏடிஎம் வரை போய் வந்தேன். அதற்குள் மூட்டையில் அடங்கட்டும் என்று சம்மட்டியால் அடித்துவிட்டார்கள். பித்தளையாக இருந்தால் நெளிந்திருக்கும். இது நூற்றுக்கு எண்பது செம்பும் இருபது வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், கோயில் மணியின் சாதி. கண்ணாடி மாதிரி மூன்று துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டை மட்டும் வாங்கி வந்தேன். என் மேசையில்தான் இருக்கிறது. தட்டினால் சத்தம் வருவதில்லை.

பாம்பன் ரயிலடி:

மண்டபத்துக்காரரே, உங்கள் அப்பா சொன்னது சரி, அந்தத் தம்பி செய்ததுதான் தப்பு. வேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இந்தத் தலைமுறை இடது காலைக் கெடுத்துக்கொள்கிறது. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் மெட்டல் குழுவின் கச்சேரி. ராமநாதபுரத்திலிருந்து வண்டி மாறி மாறிப் போனேன். அவர்கள் டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் ஒரே பேஸ் டிரம், ஒரே பெடல், ஒரே காலில்தான் அத்தனையும் வாசித்தார். டிரம்களை உயர உயர அடுக்கி வைத்திருப்பதால் ஆளே தெரியவில்லை. ஒரு பாட்டின் நடுவில் இரண்டு டாம் டிரம்களுக்கு இடையே அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நான் பார்த்தது, அதுவே இத்தனை வருஷத்துக்கும் போதுமாக இருக்கிறது.

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது. அந்த ஒற்றைப் பெடல் கால் இருக்கிற பக்கம். சில மாதத்திலேயே மேடைக்குத் திரும்பினார். 2024 டிசம்பரில்தான் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். எனவே பெடலை எண்ணாதீர்கள்.

தொண்டி சுந்தர்:

ரயிலடி அண்ணே, ஒத்துக்கொள்ள முடியாது. மெய்டனுக்கு ஒற்றைக் கால் போதும். டேவ் லொம்பார்டோ 1986-ல் ஸ்லேயர் என்கிற அதிவேக மெட்டல் குழுவுக்கு வாசித்ததை ஒற்றைக் காலில் எப்படி வாசிப்பது? அது வேறு பாணி, அதற்கு வேறு சாமான். அந்தத் தம்பி தேர்ந்தெடுத்த பாணியில் இடது கால் பயிற்சி கட்டாயம். மெதுவாக, கிளிக்கை 80-லிருந்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

என் கதை சின்னது. நண்பனுடைய சிம்பல்களைக் கச்சேரிக்கு முந்தின நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். கம்பெனி முத்திரை முழுக்க அழிந்துவிட்டது. அவன் திட்டவில்லை. முத்திரை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினான்.

அதனால் சொல்கிறேன், கடலோரத்தில் டிரம் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டது. டிரம் படலத்தை இறுக்குகிற நம் டென்ஷன் ராடுகள் எம்மாத்திரம்? வாசித்து முடித்ததும் சிம்பலை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். வியர்வையும் உப்புதான். பெடல் மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மணலைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். டிரம்மின் மேல் படலம் பாலியெஸ்டர், தோல் இல்லை, ஈரத்துக்குத் தளராது. ஆனால் மர உடல் ஊறும், ஸ்னேர் என்கிற சின்ன டிரம்முக்கு அடியில் இருக்கிற கம்பிகள்தான் முதலில் துருப்பிடிக்கும், ஸ்னேர் காரணமில்லாமல் கரகரத்தால் அங்கே பாருங்கள். ராடுகளை மாதம் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் அவற்றைத் திருகுகிற சாவி திரும்பாது. கடல் பார்த்த ஜன்னல் பக்கம் செட்டை வைக்காதீர்கள். குச்சி வாங்கும்போது கடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், ஆடினால் வளைந்த குச்சி. இன்னும் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

தங்கச்சிமடம் அக்கா:

எல்லாரும் இரும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் தம்பி டிரம்மர். மெட்டல் வாசித்து ஒரு ரூபாய் பார்த்ததில்லை. திருவிழா சீசனில் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆக்டோபேட் என்கிற மின்னணு டிரம் வாசித்துத்தான் அடுத்த ஜோடி சிம்பலுக்குச் சேர்ப்பான். அதில் அவனுக்கு வருத்தம் கிடையாது, எங்களுக்கும் இல்லை.

போன வருஷம் அம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டே அவனைக் கூப்பிட்டார். பத்தடி தூரம். மூன்று தரம் கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. நாலாவது தரம் அம்மா கூப்பிடவில்லை, எழுந்து போய்த் தோளைத் தொட்டார். அவன் திடுக்கிட்டுத் திரும்பிய முகம்தான் எனக்கு மறக்கவில்லை. முப்பத்தோரு வயது.

டாக்டர் சொன்ன கணக்கை எழுதுகிறேன். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100-ல் பதினைந்து நிமிஷம்தான். டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் 100 சாதாரணம். மெட்டாலிக்கா குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கே காதில் ஓயாத இரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தம்பி இப்போது காதடைப்பான் போடாமல் குச்சியைத் தொடுவதில்லை. போன காது திரும்பாது என்றார்கள்.

மண்டபத்துக்காரன்:

அக்கா, எங்கள் அப்பாவுக்கும் என்ஜின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதனால்தான் அன்று கேன் மேல் கை வைத்தார். எனக்கு இதை எழுதும்போது தோன்றவில்லை, நீங்கள் சொன்ன பிறகுதான் புரிகிறது.

முறிந்த பழைய போல்ட் பட்டறை டப்பாவில் இன்னும் கிடக்கிறது. மாற்றிப் போட்டது படகுக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் போல்ட், துருப்பிடித்திருக்காது. அந்தத் தம்பி இதைப் படித்தால் இடது கால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதட்டும். அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.