மண்டி மென்பொருளை வலைக்கு மாற்றுகிறேன்: விவசாயி பெயர்கள் ????? ஆகின்றன, தேடலும் பாதிதான் வேலை செய்கிறது

மஞ்சமண்டி (கேள்வி)

வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் கமிஷன் மண்டியின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் யாரோ விஷுவல் பேசிக் 6இல் எழுதியது. பிறகு இன்னொருவர் அதை டாட்நெட் வின்ஃபார்ம்ஸுக்குக் கொண்டுவந்தார். டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். வரத்தையும் விலையையும் முதலாளி வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமாம். அதனால் ஏஎஸ்பி டாட்நெட் கோரில் ஒரு வலைச்செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச காலத்துக்கு டெஸ்க்டாப், வலை இரண்டும் ஒரே டேட்டாபேஸில்தான் ஓடியாக வேண்டும்.

பிரச்சினை பெயர்களில்தான். விவசாயி பெயர், ஊர் இரண்டும் தமிழில் இருக்கின்றன. கண்ணில் படுவது மூன்று விதம்.

மண்டிக்குப் புதுக் கணினி வந்ததிலிருந்து கணக்குப்பிள்ளை யூனிகோடில் தட்டச்சு செய்கிறார். பில் சரியாக அச்சாகிறது, ஏனென்றால் அது திரையிலிருந்தே போகிறது. ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறந்தால் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்.

அதற்கு முந்தைய பெயர்கள் டெஸ்க்டாப்பில் அழகாகத் தெரிகின்றன. அதே வரிசையை வலையில் காட்டினால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன, நடுநடுவே அரைப்புள்ளி வேறு.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை. வலைக்கென்று தனியாக ஒரு டேபிள் போட்டு, பழைய பெயர்களை இணையத்தில் கிடைத்த ஒரு கன்வெர்ட்டர் வழியாக மாற்றி ஏற்றினேன். புதியவர்களை வலைத் திரையிலேயே பதிகிறோம். எல்லாம் தமிழாகவே தெரிகிறது. பட்டியலைப் பிரவுசருக்கு அனுப்பி ஜாவாஸ்கிரிப்டில் தேடுகிறேன். சிவகிரி என்று தேடினால் எல்லோரும் வருகிறார்கள். சென்னிமலையும் அப்படியே. கொடுமுடி, மொடக்குறிச்சி, கோபி என்று தேடினால் மட்டும் பாதிப் பேர் வருவதில்லை. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது, எழுத்துப்பிழை எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிரல்பட்டறை

முதல் பிரச்சினைக்கு விடை சுலபம். பெயர் ஃபீல்டு வார்சாராக இருக்கும். அதை யூனிகோடை ஏற்கும் வகையான என்வார்சாராக மாற்றுங்கள். இன்செர்ட் குவெரியில் தமிழ் சரத்தின் மேற்கோள் குறிக்கு முன்னால் பெரிய 'என்' எழுத்தைப் போடுங்கள். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

மஞ்சமண்டி

நன்றி அண்ணா. ஒரு சோதனை டேட்டாபேஸில் செய்து பார்த்தேன். புதிதாகச் சேமிப்பவை சரியாக வருகின்றன. ஏற்கெனவே ????? ஆனவை அப்படியே நிற்கின்றன. அவற்றைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா? தேடல் விஷயமும் அப்படியே இருக்கிறது.

அச்சகத்து அக்கா

தம்பி, உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். மூன்றும் தமிழ் தெரிவதைப் பற்றியவை என்பதால் ஒன்று போலத் தோன்றுகின்றன. திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன எண் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் யூனிகோடு என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு சரத்தைக் கொடுத்தால் அதன் முதல் எழுத்தின் எண்ணைத் தரும். ஒவ்வொரு பெயரையும் அதில் போட்டுப் பாருங்கள். 'க'வில் தொடங்கும் பெயருக்கு 2965 வந்தால் அது உண்மையான யூனிகோடு. 63 வந்தால் உள்ளேயே கேள்விக்குறிதான் கிடக்கிறது. 33இலிருந்து 126க்குள் வேறு எண் வந்தால் பழைய எழுத்துருக் குறியீடாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

63 வந்தவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வார்சார் ஃபீல்டு, டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதிகள்) எந்தக் கோட்பேஜை, அதாவது எழுத்துக்கு எண் தரும் எந்தப் பட்டியலைச் சொல்கிறதோ அதில் உள்ள எழுத்துகளை மட்டுமே வாங்கிக்கொள்ளும். இந்தக் கொலேஷன்களில் தமிழுக்கென்று கோட்பேஜே கிடையாது, யூனிகோடு மட்டும்தான். அதனால் தமிழ் எழுத்து உள்ளே போகிற அந்த நொடியிலேயே ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி என்று மாறிவிடுகிறது. ஃபீல்டு என்வார்சாராகவே இருந்தாலும், குவெரியில் அந்த 'என்' இல்லாவிட்டால் சரம் வழியிலேயே கோட்பேஜுக்குள் நுழைந்து வந்து இதே கதிதான்.

ஒரு சின்ன உதவி மட்டும் மிச்சம் இருக்கிறது. கேள்விக்குறிகளின் எண்ணிக்கை அசல் குறியீடுகளின் எண்ணிக்கைதான். சிவகிரிக்கு 7, கொடுமுடிக்கு 8, சென்னிமலைக்கு 9, மொடக்குறிச்சிக்கு 13. மண்டிக்கு வருகிற ஊர்கள் குறைவுதான் என்பதால், நீளத்தையும் கைபேசி எண்ணையும் வைத்து ஊரை ஓரளவு ஊகிக்கலாம். பெயரை மட்டும் ஊகிக்காதீர்கள். பில் புத்தகத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்யுங்கள். தன் மஞ்சளுக்குப் பணம் வாங்க வருகிறவருக்கு அவர் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

நிரல்பட்டறை சொன்ன 'என்' சரியானதுதான். ஆனால் நான் அதோடு நிறுத்த மாட்டேன். வின்ஃபார்ம்ஸ் பக்கத்தில் குவெரியைச் சரங்களை ஒட்டி ஒட்டிக் கட்டுகிற இடங்கள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றையும் பாராமீட்டருக்கு மாற்றுங்கள், அதாவது மதிப்பைக் குவெரிக்குள் ஒட்டாமல் தனியாகக் கொடுங்கள். டாட்நெட்டில் ஸ்ட்ரிங் மதிப்பைப் பாராமீட்டராகக் கொடுத்தால் அது தானாகவே என்வார்சாராகப் போகும். 'என்' போட மறக்கிற பேச்சே இல்லை. பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால் குவெரி உடைவதும் நிற்கும். நாளைக்கு வலையில் யாராவது தேடல் பெட்டி வழியாக உங்கள் டேபிளை அழிக்கப் பார்த்தாலும் நடக்காது. இன்னொன்று: பெயர் ஃபீல்டில் இண்டெக்ஸ் இருந்தால் வார்சாரை என்வார்சாராக மாற்ற சர்வர் மறுக்கும். இண்டெக்ஸை எடுத்துவிட்டு, மாற்றியபின் திரும்பப் போடுங்கள்.

இரண்டாவது வகை, நீங்கள் சொல்லும் அரைப்புள்ளிகளை வைத்துப் பார்த்தால், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகளாகக் கிடக்கும். புள்ளி வைத்த எழுத்தெல்லாம் பெரும்பாலும் அரைப்புள்ளியில்தான் முடியும். எழுத்துரு மட்டும்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. விஷுவல் பேசிக் 6இன் வழக்கமான கண்ட்ரோல்கள் யூனிகோடைக் காட்டாது. அந்தக் காலத்தில் எழுதியவருக்கு இதை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழக அரசே 1999இல் டாம், டாப் என்று எழுத்துருக் குறியீடுகளைத்தான் தரப்படுத்தியது. யூனிகோடுக்கு வந்தது 2010இல். எல்லாம் ஆங்கில எழுத்துகளாகக் கிடந்ததால்தான் பழைய பெயர்கள் வார்சாரிலும் சேதமில்லாமல் இருக்கின்றன. அவற்றை முழுமையாக மாற்றிவிடலாம்.

இப்போது மூன்றாவது. இது இரண்டாவதிலிருந்து பிறந்தது. பாமினியில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணில் தெரிகிற வரிசை அது. யூனிகோடில் முதலில் க, அதன்பின் உயிர்க்குறி. அந்த 'ஒ' குறியை இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, 0பிசிஏ என்ற எண்ணில், அல்லது கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாக. திரையில் வித்தியாசமே தெரியாது. உங்கள் கன்வெர்ட்டர் கொம்பைத் தூக்கி 'க'வுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காலை அப்படியே விட்டிருக்கிறது. விசைப்பலகையில் புதிதாக அடிப்பவை ஒரே குறியீடாக வருகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணை எண்ணோடுதான் ஒப்பிடும், அதனால் இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒ, ஓ குறி இல்லாத சிவகிரியும் சென்னிமலையும் ஏன் தப்பின, கொடுமுடியும் மொடக்குறிச்சியும் கோபியும் ஏன் மாட்டின என்பது இதுதான். எந்தெந்த ஊர் என்று பெயரோடு எழுதியது நல்லதாயிற்று, அந்த வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

தீர்வு நார்மலைஸ் செய்வது. டாட்நெட்டிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஸ்ட்ரிங்கிலேயே நார்மலைஸ் என்ற மெத்தட் இருக்கிறது. இரண்டிலும் இயல்பாகவே என்எஃப்சி வடிவத்தைத் தரும், அதாவது துண்டுகளைச் சேர்த்து ஒரே குறியீடாக்கும். மூன்று இடங்களில் போடுங்கள். ஏற்கெனவே ஏற்றியவை அனைத்துக்கும் ஒரே ஒருமுறை. சேமிக்கும் இடத்தில், டெஸ்க்டாப், வலை இரண்டிலும். தேடல் பெட்டியில் வருகிற சொல்லுக்கு. கடைசியை விடாதீர்கள், வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் இருப்பார்கள்.

பாமினி வடிவிலிருக்கும் அசல் ஃபீல்டை மட்டும் அழிக்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே புது ஃபீல்டு போட்டு யூனிகோடை அதில் வையுங்கள். கன்வெர்ட்டரில் தவறு இருந்தால் திரும்பிப் பார்க்க அசல் வேண்டும்.

குறுஞ்செய்தி குமாரு

அக்கா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன், நீங்களும் இந்த இடங்களுக்கு வந்து சேருவீர்கள்.

ஆடிட்டருக்கு சிஎஸ்வி கோப்பு கொடுத்து அவர் அதை எக்ஸெலில் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் ® குறியும் மாறி மாறி வரலாம். அது யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை வேறு கோட்பேஜாகப் படிப்பதன் அடையாளம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, அதனால்தான் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. தரவு கெடவில்லை, பயப்பட வேண்டாம். ஸ்ட்ரீம்ரைட்டரை வெறுமனே திறந்தால் கோப்பின் தலையில் பிஓஎம் (இது யூனிகோடு என்று சொல்லும் அடையாள பைட்டுகள்) எழுதாது. என்கோடிங்காக யூடிஎஃப்8ஐ வெளிப்படையாகக் கொடுத்தால் எழுதும், எக்ஸெலும் புரிந்துகொள்ளும்.

எடை, விலை எல்லாம் விவசாயிக்கு எஸ்எம்எஸ்ஸில் போகிறதா? தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான், ஆங்கிலத்துக்கு 160. எழுபதைத் தாண்டினால் 67 வீதம் துண்டாகும், துண்டுக்குத் துண்டு காசு. உடைந்த 'கொ' மூன்று குறியீடு, சேர்ந்த 'கொ' இரண்டு. அனுப்பும் முன்பும் நார்மலைஸ் செய்துவிடுங்கள்.

மஞ்சமண்டி

அக்கா, கும்பிடுகிறேன். நார்மலைஸ் போட்டதும் கொடுமுடி ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். 63 வந்த பெயர்களைத் தனிப் பட்டியலாக எடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு. கௌசல்யா என்று தேடினால் ஒருவர் மட்டும் வரவில்லை, அவருக்கு நார்மலைஸ் செய்தும் பயனில்லை. அப்புறம், பட்டியலை வரிசைப்படுத்தினால் ஜெயராமன் போய் 'ச'வுக்கும் 'த'வுக்கும் நடுவில் நிற்கிறார்.

அச்சகத்து அக்கா

வரிசை சுலபம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண சார்ட் குறியீட்டு எண்ணின்படி அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் ஜ, சவுக்கு அடுத்துத்தான் இருக்கிறது. அதே அட்டவணையில் ன பகரத்துக்கு முன்னால், ற லகரத்துக்கு முன்னால், ள ழகரத்துக்கு முன்னால். நம் நெடுங்கணக்கு அப்படி இல்லை. ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இண்டல் கொலேட்டரைத் (Intl.Collator) தமிழ் மொழிக் குறியோடு உருவாக்கி, அதன் ஒப்பீட்டை சார்ட்டுக்குக் கொடுங்கள். ஜெயராமன் கிரந்த எழுத்துகளோடு கடைசிக்குப் போய்விடுவார்.

கௌசல்யாவில்தான் கவனம் வேண்டும். அந்த ஒருவர் பெயரில் 'ஔ' குறியின் இடத்தில் கொம்பும் ளகர எழுத்தும் இருக்கும். கெ அடித்து ள அடித்தால் பார்வைக்கு அப்படியே கௌதான். யூனிகோடைப் பொறுத்தவரை அது நிஜமான ள, அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது, தொடவும் கூடாது. ரீப்ளேஸ் போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் வெள்ளோட்டுக்காரர்கள் அத்தனை பேரின் ஊரும் கெட்டுப்போகும், வெள்ளியங்கிரி என்று யாராவது இருந்தால் அவர் பெயரும் போகும். ளகரத்துக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ள, விட்டுவிடுங்கள். எதுவும் வராமல் நேரே அடுத்த எழுத்து வந்தால் மட்டும் சந்தேகப் பட்டியலில் போடுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இதை ஒரு வரியில் எழுதலாம். ஒரு மண்டியின் பட்டியலில் அப்படிச் சிக்குவது கொஞ்சம் பெயர்கள்தான், தானாக மாற்ற விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். சேமிக்கும் திரையிலும் அதே சோதனையை வைத்து, சிக்கினால் 'கௌ என்று அடிக்க நினைத்தீர்களா' என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்கச் சொல்லுங்கள்.