மாற்றுப் பணி கேட்ட டிரைவருக்கு மெமோ, மாறுதல்: என்ன வழி?

கேட்டவர்: செல்வி
அரசுப் பேருந்து ஓட்டுநர், 17 வருட சர்வீஸ். சர்க்கரை நோயால் ஒரு கண் பார்வை போய்விட்டது. வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. மாற்றுப் பணி கேட்டு மனு கொடுத்ததும் பழைய புகாருக்கு சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டு நோட்டீஸ்), வெளியூர் டிப்போவுக்கு மாறுதல். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் மெமோவை விட்டுவிடுவார்களாம். ஊனம் 30 சதவீதம்தான், 40 இல்லாததால் சட்டம் பொருந்தாது என்கிறார்கள். உண்மையா?

தொழிற்சங்கத் தோழர்
பொருந்தும். 40 சதவீத ஊனம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான வரம்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) பணிக்காலத்தில் ஊனமடைந்தவரைப் பற்றிப் பேசுகிறது. அங்கே சதவீதமே கிடையாது. அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். இடம் காலியில்லை என்ற சாக்கும் செல்லாது: தகுந்த இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். 2025-இல் தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு, நிறக்குருட்டுக்கே, மாற்றுப் பணி தரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

விருப்ப ஓய்வில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

லேபர் கேஸ் பார்க்கும் வக்கீல்
ஏற்கெனவே போட்டவர்களும் மனம் தளர வேண்டாம். பார்வை இழந்த பஞ்சாப் மின்வாரிய ஊழியர் தன் உரிமை தெரியாமல் கொடுத்த ஓய்வுக் கடிதத்தை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

பழிவாங்கலை நிரூபிப்பது தேதிகள்தான். மனுவை ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையுடன் அனுப்பியிருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டது கணக்கில் வராது. மெமோவுக்குக் கெடுவுக்குள் தனி விளக்கம் கொடுங்கள். குற்றச்சாட்டு எந்தத் தேதிச் சம்பவம், இத்தனை நாள் ஏன் கிடப்பில் இருந்தது என்று அதிலேயே கேளுங்கள். மாறுதலை எதிர்த்து வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் பலர் சிக்கும் இடம். வராமல் இருந்தது புதுக் குற்றச்சாட்டாகிவிடும், அதை உடைப்பது கடினம். "ஆட்சேபணையுடன் பணியேற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துச் சேருங்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்னால், மருத்துவக் குழு அறிக்கை நகலை இணைத்து எழுத்தில் மறுக்க வேண்டும்.

ராஜா, மதுரை
புகார் எங்கே என்று யாரும் சொல்லவில்லையே. அதே சட்டத்தின் பிரிவு 23-இன்படி அரசு நிறுவனத்தில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்து 2 வாரத்தில் விசாரிக்க வேண்டும். அடுத்தது மாவட்டக் குழு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் போகலாம். அவர் தருவது பரிந்துரை; நிறுவனம் அதை ஏற்காவிட்டால் 3 மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். சம்பளம் நின்றிருந்தால் அதற்குக் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள், தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை.

தனியார் ஊழியர்கள் கவனிக்க: 20(4) அரசு நிறுவனத்துக்கு மட்டும்.