கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் குறித்து

அன்புள்ள சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையின் கோடம்பாக்கம், வடபழனிப் பகுதியில் திரைப்பாட்டுகளைப் பதிந்துவந்த பழைய ஒலிப்பதிவுக் கூடங்கள் மறைந்து, அந்த இடங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுந்துவிட்டதைப் பற்றிக் குழுவில் நடக்கும் பேச்சைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வந்த மடல்களில் பெரும்பாலானவை நிலத்தை விற்றவர்களையும் வாங்கியவர்களையும் அனுமதி கொடுத்தவர்களையும் வைவதோடு முடிந்துவிடுகின்றன. வைவதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆயினும், அந்தக் கூடங்களில் இசை ஓய்ந்து பல காலம் ஆன பிறகே இடிக்கும் இயந்திரம் உள்ளே நுழைந்தது என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்துக்கொண்டால், இனி நாம் செய்யக்கூடியது என்ன என்பதும் வேறாகத் தெரியும் என்று நினைப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டி நாம் கேட்ட பாட்டுகளில் பெரும்பகுதி, சில சதுர மைல் பரப்புக்குள் அடங்கிய ஒருசில கூடங்களில் பதிவானவை. வெளியிலிருந்து பார்த்தால் அவை கிடங்குகளைப் போலத்தான் இருக்கும். உள்ளே நுழைய இரட்டைக் கதவு, மேலே சிவப்பு விளக்கு, சுவர் முழுதும் துளையிட்ட பலகையும் அதன் பின்னால் பஞ்சும் சாக்கும், கனத்த திரைச்சீலை, கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளரின் அறை. வயலின்காரர்கள் வரிசையாக அமர, தபேலாவும் டிரம்ஸும் ஒரு தடுப்புக்குப் பின்னால் ஒதுங்க, பாடகர் தனி அறைக்குள் மைக்கின் முன் நிற்பார். டேக், அதாவது ஒரு முறைப் பதிவு, தொடங்குமுன் இரைச்சல் கேட்கிறதென்று குளிர்சாதனத்தை நிறுத்துவார்கள். பக்கம் புரட்டும் ஓசை மைக்கில் விழக்கூடாது என்பதற்காக நொட்டேஷன் எனப்படும் இசைக்குறிப்புத் தாள்களை முன்கூட்டியே பிரித்து ஸ்டாண்டில் பரப்பி வைப்பதும் உண்டு. பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து பின்னர் சேர்க்கும் வசதி வருவதற்கு முன்பு, பாடகரும் நாற்பது ஐம்பது வாத்தியக்காரர்களும் ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் முடித்தாக வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒரு புல்லாங்குழல் பிசகினாலும் எல்லாரும் பல்லவியிலிருந்து மறுபடி வர வேண்டும்.

இப்படிப் பதியும்போது கூடமும் ஒரு வாத்தியமாகிவிடுகிறது. ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும் அதற்கென வைத்த மைக்கில் மட்டும் விழுவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக, மற்ற மைக்குகளிலும் விழுகிறது. எந்தக் கூடத்தில் எந்தச் சுருதி தூக்கலாகக் கேட்கும், எந்த மூலையில் செல்லோவை உட்கார வைக்கலாகாது என்பதெல்லாம் ஒலிப்பதிவாளருக்குப் பழக்கத்தில் வந்த அறிவு. அதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. பழைய பாட்டைக் கேட்டதும், இன்ன கூடத்தில் பதிந்தது என்று சொல்லிவிடும் காதுகள் அந்தத் தொழிலில் இருந்தன.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இழப்பும் அன்று. நியூயார்க்கில் கிழக்கு 30ஆம் தெருவில் ஒரு பழைய தேவாலயத்தைக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1940களின் இறுதியில் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் தம்முடைய மிகப் புகழ்பெற்ற இசைத்தட்டைப் பதிந்ததும், பியானோ கலைஞர் கிளென் கூல்டு, பாக் என்னும் செர்மானிய இசைமேதையின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை 1955இலும் மீண்டும் 1981இலும் வாசித்துப் பதிந்ததும் அங்கேதான். ஒலி மாறிவிடும் என்பதற்காக அந்தக் கூடத்துக்குப் புது வண்ணம் பூசக்கூடாது, தரையைத் தேய்க்கக்கூடாது என்று உத்தரவு இருந்ததாக இசைத்துறையினர் சொல்வார்கள். உலகின் மிகச் சிறந்த கூடம் என்று பலரும் போற்றிய அந்தக் கட்டடம் 1980களில் விற்கப்பட்டு, இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பாயிற்று. பணத்துக்கும் சட்டத்துக்கும் பஞ்சமில்லாத ஊரிலேயே கதை இதுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் உருவாகி 1948இல் வெளியான சந்திரலேகா படத்தின் முரசு நடனத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஸ்டுடியோ இருந்த நாற்சந்தியில் 1973இல் மேம்பாலம் வந்தது. அதற்கு அண்ணாவின் பெயரைச் சூட்டியும் சனங்கள் இன்றுவரை அதை ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறார்கள். ஸ்டுடியோ நிலத்தின் ஒரு பகுதியில் 2002இல் நட்சத்திர விடுதி வந்தது. வடபழனியில் நாகிரெட்டியாரின் விஜயா வாகினி, ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டுடியோ என்று பெயர் வாங்கியது. அந்த வளாகத்தில் முதலில் மருத்துவமனையும் திருமண மண்டபமும், பிறகு 2013இல் பெரிய வணிக வளாகமும் வந்தன. காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் இயங்கிவிட்டு 1948இல் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த ஏவிஎம் ஸ்டுடியோவும் பழைய பரப்பில் இல்லை. அங்கே 2023இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய கார்களையும் கேமராக்களையும் கருவிகளையும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், கூடத்தின் ஒலியை எந்தப் பெட்டிக்குள் வைப்பது?

பிரசாத் ஸ்டுடியோவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இளையராஜா பணியாற்றிய கூடத்தின் விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2020ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய உடைமைகள் அங்கிருந்து வெளியேறியதை அனைவரும் அறிவோம். வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் நுழையவில்லை. அவர் 2021இல் வேறொரு பழைய திரையரங்கை வாங்கித் தமக்கென ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். அவரால் அது முடிந்தது. அந்தக் கூடத்தில் அவருக்கு முன்னால் வரிசையில் அமர்ந்து வாசித்தவர்களுக்குப் போக அப்படி ஓர் இடம் ஏது?

கூடங்கள் வெறிச்சோடியதற்கான காரணம் நில விலையில் தொடங்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் படப்பிடிப்பு கிராமங்களை நோக்கிப் புறப்பட்டதும் ஸ்டுடியோக்களின் வாடகை வருமானம் சரியத் தொடங்கியது. படப்பிடிப்புத் தளங்களின் வருமானத்தில்தான் ஒலிப்பதிவுக் கூடங்களும் ஓரளவு தாக்குப்பிடித்து வந்தன. அடுத்ததாகப் பதிவு செய்யும் முறையே மாறியது. ஏ. ஆர். ரகுமான் 1989இல் தம் வீட்டுக்குள்ளேயே அமைத்த சிறு கூடத்தில்தான் 1992இல் வெளியான ரோஜாவின் இசை உருவாயிற்று. தாளத்தை இயந்திரம் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவரும் தமக்கு வசதியான நேரத்தில் தனித்தனியே வந்து வாசித்துவிட்டுப் போகலாம் என்றானபின், நூறு பேர் உட்காரும் கூடத்துக்கு வேலை இல்லாமல் போனது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த முறையில் பிறந்த பாட்டுகளையும் நாம் ரசித்துத்தான் கேட்டோம். ஆனால் விளைவு இன்னொன்றும் உண்டு. பெரிய தந்திவாத்தியக் குழு தேவைப்படும்போது நம் இசையமைப்பாளர்கள் வெளிநாடு போக வேண்டியிருக்கிறது. மாணிக்கவாசகரின் திருவாசகத்தை இளையராஜா 2005இல் இசையாக வெளியிட்டபோது, அதற்கு வாசித்தவர்கள் புடாபெஸ்ட் இசைக்குழுவினர். வயலின்காரர்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருசேர அமர்ந்து பழகிய இடங்கள்தாம் அருகிவிட்டன.

ஆக, வேலை போனது, பிறகு வருமானம் போனது, நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது ஆற்காடு சாலை வழியாக மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதையும் வருகிறது. மாதத்துக்கு நான்கைந்து கால்ஷீட்டுகூட (பதிவுக்கு ஒதுக்கும் வேலைநேரம்) தேறாத கூடத்தை, இரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள மனையின் மேல் எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறைக்கு வைத்துக்கொண்டிருக்கும்? உரிமையாளரின் இடத்தில் நாம் இருந்தாலும் விற்றிருப்போம் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுவது நல்லது.

சட்டம் காப்பாற்றியிருக்காதா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நடுவண் அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையவற்றையே தொல்சின்னம் என்கிறது. தமிழ் பேசும் படம் வந்ததே 1931இல்தான். நூறாண்டு கண்ட ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றும் நமக்கு இருக்க வழியில்லை. மாநிலத்தின் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. லண்டனில் 1931இல் திறந்த ஆபி ரோடு கூடத்தை 2010இல் விற்கப்போவதாகப் பேச்சு எழுந்தவுடன் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது உண்மைதான். ஆனால் அங்கே இன்றும் முழு இசைக்குழு அமர்ந்து திரைப்படங்களுக்கு வாசிக்கிறது. வேலை நடப்பதால் கூடமும் உயிரோடு இருக்கிறது. வேலை நின்றுபோன கூடத்துக்குப் பட்டயம் மட்டும் கொடுத்திருந்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் சாக்கு மக்கிக்கொண்டிருக்கும்.

இனி, செய்யக்கூடியவை. கட்டடத்தைக் காப்பாற்ற இயலாவிட்டாலும் அதன் ஒலிக்குணத்தை அளந்து வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. கூடத்தின் நடுவில் ஒரு பலூனை வெடித்தோ, மிகத் தாழ்ந்த சுருதியிலிருந்து மிக உயர்ந்த சுருதி வரை ஏறிச் செல்லும் ஒலியை ஒலிபெருக்கியில் விட்டோ, அது சுவர்களில் பட்டு அடங்கும் விதத்தை நல்ல மைக்குகளில் பதிவு செய்கிறார்கள். பின்னர் கணினியில், வேறெங்கோ எதிரொலியில்லாத அறையில் பாடிய குரலை அந்தப் பதிவோடு சேர்த்துக் கணக்கிட்டால், அதே கூடத்தில் பாடியதைப் போலக் கேட்கும். இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டப்பட்ட ஹாகியா சோபியா மண்டபத்துக்குள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பலூன் வெடித்து எடுத்த பதிவைக் கொண்டு, அங்கே பாட அனுமதி இல்லாத பழைய பைசாந்தியப் பாடல்களை ஒரு பாடகர் குழுவினர் கலிபோர்னியாவில் பாடி, அந்த மண்டபத்தின் ஒலியிலேயே 2019இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பத்து விநாடிக்கும் மேல் நீளும் அந்தக் கார்வையை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சென்னையில் எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பெரிய கூடங்களை அளக்க ஒலிப்பொறியாளர் ஒருவரும் ஒரு நாளும் உரிமையாளரின் சம்மதமும் இருந்தால் போதும். நம் குழுவில் ஒலித்துறையில் வேலை பார்க்கும் தம்பி, தங்கையர் இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால், உரிமையாளர்களுக்கு முறையான வேண்டுகோள் மடலைச் சங்கத்தின் பெயரில் நான் எழுதித் தருகிறேன்.

இரண்டாவது, எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது. பழைய இசைத்தட்டு உறைகளில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். ஷெனாய் வாசித்தவர் யார், அந்த வீணை யாருடையது என்று இராது. நாகசுரமும் தவிலும் பம்பையும் உறுமியும் தேவைப்பட்ட பாட்டுகளுக்கு நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கலைஞர்கள் போய் வந்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் முன்னின்று திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததனால் ஊதியத்தில் ஓர் ஒழுங்கு வந்தது. பெயருக்கு அந்த ஒழுங்கு வரவில்லை. அவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். எந்தக் கூடம், யார் ஒலிப்பதிவாளர், யார் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார், எத்தனை டேக் ஆயிற்று என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய இன்றைய கைப்பேசியே போதும். கால்ஷீட் குறித்த நாட்குறிப்பு, கையெழுத்து நொட்டேஷன், குழுப் படங்கள் ஆகியவை பல வீடுகளில் பரணில் கிடக்கும். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

ஆகையால், உங்கள் உறவிலோ தெருவிலோ திரையிசைக்கு வாசித்தவர் யாரேனும் இருந்தால், அவர்களின் இசைவைக் கேட்டுக்கொண்டு எனக்குத் தனி மடலில் தெரிவியுங்கள். அவர்களின் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ பொதுக்குழுவில் இட வேண்டாம். தை மாதம் ஊருக்குப் போகிறவர்கள் முன்னதாகவே சொன்னால், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி அனுப்புகிறேன். பதிவுகளை எங்கே வைப்பது, யார் கேட்கலாம் என்பதைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யட்டும். செலவு அதிகம் இல்லை. வந்தாலும் பொதுநிதியைத் தொடாமல், விருப்பமுள்ளவர்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினன்